வருமா, வராதா?

ஒரு மாலை நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தி, திடலில் இருந்த அத்தனை பேரையும் பக்கத்துக் கட்டடங்களுக்குள் அனுப்பிய ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன். இடிமழையோடு பலத்த காற்றும் வரும் என்று எச்சரிக்கை வந்திருந்தது. எங்கள் திடலில் காற்று கொஞ்சம் வேகமெடுத்தது, தூசி பறந்தது, நாலு துளி விழுந்தது, அவ்வளவுதான். வடக்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன, தகரக் கூரைகள் பிய்ந்து பறந்திருந்தன, மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. அதைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. அடுத்த சில வாரங்களுக்கு என் காதில் விழுந்ததெல்லாம் ஒரே பேச்சுதான்: "தப்பான எச்சரிக்கையை நம்பி நிகழ்ச்சியைக் கெடுத்துட்டீங்க." அப்படிச் சொன்னவர்களில் நான் மிகவும் மதிக்கிறவர்களும் உண்டு. போகிற போக்கில் ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்கு அது தோன்றவில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அன்று காலை எங்களுக்குக் கிடைத்த முன்னறிவிப்பில், சேதம் விளைவிக்கக்கூடிய காற்றுக்கு 30 சதவீத வாய்ப்பு என்று போட்டிருந்தது. குழுவில் பாதிப் பேர் அதை "வராது" என்று படித்தார்கள். மீதிப் பேர், பின்னால் பழி வராமல் இருக்க ஏதோ ஓர் எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றார்கள். இரண்டுமே அந்த எண்ணுக்குச் செய்யும் அநியாயம். இந்த வகைக் கணிப்பில் நெடுங்கால அனுபவம் உள்ள அமெரிக்கப் புயல் முன்னறிவிப்பு மையத்தின் முறையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 25 மைலுக்குள், அதாவது சுமார் 40 கிலோமீட்டருக்குள், மணிக்கு 93 கிலோமீட்டருக்குக் குறையாத காற்றோ காற்றால் சேதமோ ஏற்பட எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அவர்களுடைய சதவீதம் சொல்கிறது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில், பெரும்பாலான இடங்களில், அந்த வாய்ப்பு மிக மிகச் சிறியது. அந்தப் பின்னணியில் 30 என்பது பெரிய எண். ஆனால் 40 கிலோமீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் பரப்பு ஐயாயிரம் சதுர கிலோமீட்டர். அதில் நம் திடல் ஒரு புள்ளி. வட்டத்துக்குள் பத்து ஊர் நாசமாகி, நம் தலைக்கு மேல் மட்டும் ஒன்றும் நடக்காமல் போகலாம். அப்போதும் முன்னறிவிப்பு பலித்ததாகத்தான் கணக்கு.

1884-இல் தொடங்கிய சண்டை

"எத்தனை முறை சரியாகச் சொன்னாய்?" என்ற கேள்வி எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு வானிலை வரலாற்றிலேயே ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் பணிபுரிந்த ஜான் ஃபின்லி என்பவர் 1884-இல், எந்தெந்தப் பகுதியில் டொர்னாடோ, அதாவது மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழற்காற்று, வரும், எங்கே வராது என்று சோதனையாகக் கணித்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். மொத்தம் 2,803 கணிப்புகள். அவற்றில் 96.6 சதவீதம் சரி என்று அறிவித்தார். உடனே கில்பர்ட் என்ற அறிவியலாளர் ஒரு கேள்வி எழுப்பினார்: எந்தக் கருவியும் இல்லாமல், எந்த வரைபடத்தையும் பார்க்காமல், 2,803 முறையும் "வராது" என்றே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும்!

ஃபின்லி "வரும்" என்று சொன்னது 100 முறை. வந்தது 28 முறை. அவர் "வராது" என்று சொல்லி வந்தது 23 முறை. அவருடைய வேலையின் உண்மையான மதிப்பு இந்த மூன்று எண்களில்தான் இருக்கிறது. 51 டொர்னாடோக்களில் பாதிக்கு மேல் முன்கூட்டிப் பிடித்திருக்கிறார். தந்திக் கம்பியும் பாதரசக் குழாயும் மட்டுமே கையில் இருந்த ஒருவருக்கு அது அசாத்தியமான சாதனை. எப்போதும் "வராது" என்று சொல்லும் மனிதர் ஒரு தடவைகூட ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்க முடியாது, ஆனால் சதவீதத்தில் அவரே ஜெயிக்கிறார். அபூர்வமான ஆபத்தைக் கணிப்பவரிடம் "எத்தனை தடவை தப்பாச்சு?" என்று மட்டும் கேட்டால், அவரை வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறோம் என்று அர்த்தம். அதுதான் நடக்கவும் செய்தது. பீதி கிளம்பும் என்ற பயத்தில் அமெரிக்க அரசு வானிலைத் துறை பல பத்தாண்டுகளுக்கு முன்னறிவிப்பில் டொர்னாடோ என்ற சொல்லையே தவிர்த்து வந்தது. 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னாடோ தாக்க, அங்கிருந்த ஃபாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் ஐந்தே நாளில் அதே மாதிரியான வானிலை அமைப்பைக் கண்டு மார்ச் 25-இல் எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று மாலை அதே தளத்தில் மீண்டும் டொர்னாடோ இறங்கியது. விமானங்களை முன்பே பத்திரப்படுத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

மேலிருந்து விழும் காற்று

டொர்னாடோவுக்கு ஓர் உருவம் உண்டு. படம் எடுக்கலாம், விரல் நீட்டிக் காட்டலாம். இடிமழையிலிருந்து நேராகப் பாய்ந்து வரும் காற்றுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று நினைக்கிறேன். "பலத்த காற்று" என்று கேட்டதும் மனம் சட்டென்று இயல்பாகிவிடுகிறது. ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியில் கூடுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் வீசும் காற்று 130-ஐத் தொட்டால், அது சுவரையும் பந்தலையும் தள்ளும் விசை இரண்டு மடங்குக்கு மேல்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. தெட்சுயா ஃபுஜித்தா ஜப்பானியர். 1945-இல் அணுகுண்டு விழுந்த நாகசாகியில் சேதங்களை நேரில் போய் ஆராய்ந்தவர். மேலே நடந்த வெடிப்பின் விசை தரையில் மோதி எல்லாத் திசைகளிலும் பரவியதை, மரங்கள் சாய்ந்து கிடந்த விதத்திலிருந்து படித்தவர். பல ஆண்டுகள் கழித்து, 1974-இல், அமெரிக்காவில் பெரும் டொர்னாடோ தாக்குதல் நடந்த இடங்களின் மேல் சிறு விமானத்தில் பறந்தபோது, மேற்கு வர்ஜீனியாவின் காடுகளில் அதே நட்சத்திர வடிவத்தைப் பார்த்தார். டொர்னாடோ என்றால் மரங்கள் சுழல் வடிவில் கிடக்க வேண்டும். இவை ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்திருந்தன. மேலிருந்து ஏதோ விழுந்து தரையில் மோதிச் சிதறியிருக்கிறது, அது காற்றாகத்தான் இருக்க வேண்டும் என்றார். டவுன்பர்ஸ்ட் என்று பெயர் வைத்தார். நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கும் சிறியதற்கு மைக்ரோபர்ஸ்ட். சக அறிவியலாளர்கள் பலர் நம்பவில்லை. கீழிறங்கும் காற்று தரைக்கு வருவதற்குள் வலுவிழந்துவிடும் என்பதே அப்போதைய எண்ணம்.

காற்று ஏன் விழுகிறது? மழைத்துளிகள் வறண்ட காற்றின் ஊடே விழும்போது ஆவியாகின்றன. ஆவியாக வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 2,500 கிலோ காற்று ஒரு டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. ஆலங்கட்டி உருகினாலும் இதேதான் நடக்கிறது. கூடவே மழையும் ஆலங்கட்டியும் தம் எடையால் காற்றைக் கீழே இழுக்கின்றன. இப்படிப் பல கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. ஒரு மைக்ரோபர்ஸ்டின் ஆயுள் ஐந்து முதல் பத்து நிமிடம். 1983 ஆகஸ்ட் 1 அன்று வாஷிங்டனுக்கு அருகே ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் அமெரிக்க அதிபர் ரீகனின் விமானம் இறங்கிய சில நிமிடங்களில், அதே தளத்தில் மணிக்கு 240 கிலோமீட்டர் காற்று பதிவானது. சில நிமிடங்கள் முன்னே பின்னே ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் பேசுகிறார்கள்.

ஒற்றைப் புயல்மேகத்தின் கதை இது. பல மேகங்கள் ஒரே வரிசையாகக் கைகோத்தால் விஷயம் வேறு. ஒவ்வொன்றும் கொட்டும் குளிர்காற்று தரையில் சேர்ந்து ஒரு குளமாகத் தேங்குகிறது, அதன் முன்விளிம்பு வெப்பமான ஈரக்காற்றை மேலே தூக்கிப் புதிய மேகங்களைப் பிறப்பிக்கிறது, அவை இன்னும் குளிர்காற்றைக் கொட்டுகின்றன. உயரத்தில் காற்றின் வேகமும் திசையும் சரியான அளவில் மாறினால் இந்தச் சங்கிலி பல மணி நேரம் அறுபடாமல் ஓடும். ரேடாரில் அந்த வரிசை வில்போல வளையும். பின்னாலிருந்து ஒரு காற்றோட்டம் நுழைந்து நடுப்பகுதியை முன்னே தள்ளுகிறது என்பதன் அடையாளம் அது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படிச் சேதம் செய்து போகும் காற்றுப்புயலுக்கு டெரெச்சோ என்று 1888-லேயே பெயர் வைத்தவர் கஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ், அயோவா மாநிலத்துக்காரர். அதே அயோவாவை 2020 ஆகஸ்ட் 10-இல் ஒரு டெரெச்சோ புரட்டிப்போட்டது. 14 மணி நேரத்தில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. சீடர் ரேபிட்ஸ் நகரத்தில் காற்று மணிக்கு 225 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும் என்று சேதத்தை வைத்து மதிப்பிட்டார்கள். லட்சக்கணக்கான ஏக்கர் மக்காச்சோளப் பயிர் தரையோடு படுத்தது.

முந்தின நாளில் தெரியாதவை

அயோவா டெரெச்சோ முந்தின நாள் முன்னறிவிப்பில் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. புயல் நாளன்றுதான் ஆபத்து நிலையைப் படிப்படியாக உயர்த்தினார்கள். 2022 ஆகஸ்ட் 18 அன்று மத்தியதரைக் கடலிலிருந்து கோர்சிகா தீவின் மேல் வந்து விழுந்த புயல் இன்னும் மோசம். மரிஞ்யானாவில் மணிக்கு 225 கிலோமீட்டர் பதிவானது. கணினி மாதிரிகள் அந்தத் தீவிரத்தைக் காட்டவே இல்லை. பிரான்சின் வானிலை அமைப்பு ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்தபோது புயல் கரையை நெருங்கிவிட்டிருந்தது. கூடார முகாம்களில் தங்கியிருந்தவர்களும் கடலில் இருந்தவர்களுமாக ஐந்து பேர் தீவில் இறந்தார்கள். வசதியான நாடு, நல்ல கருவிகள், தேர்ந்த ஆட்கள். இருந்தும் இப்படி.

ஏன்? இடிமழைக்கு வேண்டிய பொருட்கள் என்னென்ன என்பது முந்தின நாளே தெரியும். கீழே ஈரம் வேண்டும், மேலே போகப் போகக் காற்று வேகமாகக் குளிர வேண்டும், தூக்கிவிட ஏதாவது வேண்டும், உயரத்தோடு காற்று மாற வேண்டும். தரையில் உள்ள ஒரு காற்றுப் பொட்டலம் மேலே ஏறினால் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பதைக் கேப் என்ற ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு 1,000 ஜூல் என்றால் கவனிக்க வேண்டும், 2,500-ஐத் தாண்டினால் வலுவான நிலையற்ற தன்மை, 4,000 என்றால் வானிலை ஆய்வாளர்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். ஆனால் ஆற்றல் இருப்பதும் அது வெடிப்பதும் வேறு வேறு. ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பல நாட்களில் ஒரு வெப்பக் காற்றடுக்கு உட்கார்ந்திருக்கும். கொதிக்கும் பானையின் மூடி மாதிரி அது. மூடி பலமாக இருந்தால் நாள் முழுக்க வெயில் காய்ந்தும் ஒன்றும் நடக்காது. மூடி இல்லவே இல்லை என்றால் காலையிலேயே சின்னச் சின்ன மேகங்களாக ஆற்றல் கசிந்துவிடும். நடுத்தரமான மூடிதான் பயங்கரம். மாலை வரை எல்லாவற்றையும் அடக்கி வைத்து, ஓரிடத்தில் திறந்துவிடும். அது எந்த இடம் என்பதை ஒரு டிகிரி வெப்ப வித்தியாசம் தீர்மானிக்கலாம். அதிகாலையில் எங்கோ பெய்து ஓய்ந்த மழை விட்டுப்போன குளிர்காற்றின் எல்லைக்கோடு தீர்மானிக்கலாம்.

அந்த ஒரு டிகிரியை அளக்க நம்மிடம் என்ன இருக்கிறது? வளிமண்டலத்தின் உட்புறத்தை நேராக அளக்கும் பலூன்களைப் பெரும்பாலான நாடுகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை பறக்கவிடுகிறார்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். செயற்கைக்கோளும் விமானங்களும் இடைவெளியை நிரப்ப முயல்கின்றன, ஆனாலும் பெரிய ஓட்டைகள் மீதம். மூன்று கிலோமீட்டர் கட்டங்களில் வானத்தைப் பிரித்து, மணிக்கு ஒரு முறை புதிதாகக் கணக்கிடும் கணினி மாதிரிகள் வந்துவிட்டன. புயலின் குணத்தைச் சொல்வதில் அவை அற்புதம். தனித்தனி மேகமா, வரிசையா, வில்லா என்பதைப் பல சமயம் பல மணி நேரம் முன்பே காட்டிவிடுகின்றன. எந்த ஊர், எத்தனை மணி என்பதில் வழுக்குகின்றன. இது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. சின்ன அளவிலான பிழைகள் மிக வேகமாகப் பெருகும் என்று எட்வர்ட் லோரென்ஸ் 1960-களிலேயே காட்டிவிட்டார். ஒரு மணி நேரம் வாழும் மேகத்தை ஒரு நாள் முன்பே இடம் குறித்துச் சொல்ல முடியாது.

புயல் பிறந்த பிறகு ரேடார் இருக்கிறதே என்பீர்கள். அதற்கும் எல்லை உண்டு. பூமி உருண்டை என்பதால், ரேடார் கதிர் தொலைவு போகப் போகத் தரையை விட்டு உயர்ந்துகொண்டே போகும். அரை டிகிரிச் சாய்வில் புறப்பட்ட கதிர் 100 கிலோமீட்டர் தள்ளி ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். மரத்தைச் சாய்க்கும் காற்று அதற்கு அடியில் ஓடுகிறது. டாப்ளர் ரேடார் தன்னை நோக்கி வருவதையும் தன்னைவிட்டு விலகுவதையும் மட்டுமே அளக்கும், குறுக்கே போகும் காற்று அதற்குத் தெரியாது. ஒரு முழுச் சுற்று முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும், மைக்ரோபர்ஸ்ட் அதற்குள் பாதி வேலையை முடித்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "காற்று இவ்வளவு வேகம்" என்று பதிவேட்டில் இருப்பவற்றில் பெரும்பகுதி கருவியில் அளந்ததே இல்லை, விழுந்த மரத்தையும் கூரையையும் பார்த்து மதிப்பிட்டது. மரமோ வீடோ இல்லாத பொட்டல்வெளியில் எவ்வளவு பெரிய காற்று வீசினாலும் பதிவேட்டில் அது வீசாத காற்றுதான். முன்னறிவிப்பைச் சரிபார்க்கும் அளவுகோலே இப்படிக் கோணல் என்றால், "தப்பாச்சு" என்று உறுதியாகச் சொல்கிறவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

எவ்வளவு நேரம் வேண்டும்?

நிகழ்ச்சி நாளன்று நண்பகலில், எனக்குப் பழக்கமான ஒரு மூத்த வானிலை ஆய்வாளரைப் போனில் கூப்பிட்டேன். ஓய்வு பெற்றவர். குழுவில் சண்டை முற்றியிருந்தது, எனக்கு ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது.

"சார், வருமா வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"அது இருக்கட்டும் தம்பி. திடலைக் காலி பண்ண உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் குழுவில் யாருக்குமே தெரியவில்லை. மேடை அலங்காரம், ஒலிபெருக்கி, வண்டி நிறுத்தம் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் இருந்தது, இதற்கு இல்லை. "கணக்குப் போட்டுட்டு கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

நாங்கள் நடந்து பார்த்தோம். எத்தனை வாசல், ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு எத்தனை பேர் போக முடியும், முதியவர்கள், சக்கர நாற்காலி, குழந்தைகளைத் தேடும் பெற்றோர், பக்கத்துக் கட்டடங்களின் பூட்டைத் திறக்க யாரிடம் சாவி. முக்கால் மணி நேரம் என்று வந்தது. முடிவெடுத்து அறிவிக்க இன்னொரு கால் மணி. மொத்தம் ஒரு மணி நேரம். அவரிடம் சொன்னேன். "சரி. இன்னிக்கு இருக்கிற மேல்காற்றுக்கு, வரிசையா வந்தா மணிக்கு அறுபது கிலோமீட்டர்ல வரும். அப்போ உங்க கோடு அறுபது கிலோமீட்டர். ரேடார்ல அந்தக் கோட்டைத் தாண்டி உங்க பக்கம் வந்துட்டா அப்புறம் கூட்டம் போட்டுப் பேசாதீங்க, அனுப்பிடுங்க. மழைக்காகவும் காத்திருக்காதீங்க. காத்து மழைக்கு முன்னாடியே வரும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு இதையும் சொன்னார்: "அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அது உங்க மேல விழுமான்னு யாருக்கும் தெரியாது. விலகிப் போறதுக்கும் நல்ல வாய்ப்பு இருக்கு. அதைத் தெரிஞ்சுதான் நீங்க அனுப்பணும்."

இந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் மாறியது. அதுவரை நான் அறிவியலிடம் ஆரூடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்விக்கு வானத்தில் பதில் இல்லை, எங்கள் திடலில்தான் பதில் இருந்தது. நமக்கு வேண்டிய நேரம் ஒரு மணி. அறிவியலால் ஐயமில்லாமல் சொல்ல முடிவது பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன்னால்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள முக்கால் மணி நேரத்தை ஐயத்தோடுதான் கடந்தாக வேண்டும். அந்த ஐயத்தின் விலைதான் வீணாகப்போன மாலைகள். வாசலைப் பெரிதாக்கினால், சாவியை முன்பே வாங்கி வைத்தால், காலி செய்யும் நேரம் இருபது நிமிடமாகக் குறையும். அப்போது கோடும் அருகே வரும், வீணாகும் மாலைகளும் குறையும். அதாவது, "தப்பான எச்சரிக்கை" என்று நாம் திட்டுவதில் ஒரு பெரிய பங்கு நம் வாசல்களின் அகலத்தைப் பொறுத்தது.

மாலையில் வரிசை உருவானது, கோட்டைத் தாண்டியது, அனுப்பினோம். வரும் வழியில் அது வில்லாக வளைந்தது. வில்லின் வடபகுதி வேகமெடுத்து முன்னே பாய, தென்முனை வலுவிழந்தது. எங்களுக்குக் கிடைத்தது தென்முனை. கோட்டைத் தாண்டிய நேரத்தில் இதைப் பிரித்துச் சொல்ல உலகில் யாராலும் முடிந்திருக்காது.

கோபப்பட்டவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். பலமுறை அனுப்பப்பட்டு ஒன்றும் நடக்காமல் திரும்பியவர் அடுத்த முறை எழுந்திருக்க மாட்டார். அந்த நம்பிக்கை தேய்வது உண்மையான ஆபத்து. அதற்கு எனக்குத் தெரிந்த வழி, முன்கூட்டியே மனம்விட்டுச் சொல்வதுதான். "இன்று புயல் வரிசை இந்தத் தூரத்துக்கு வந்தால் நிறுத்துவோம், அது நம்மைத் தொடாமலும் போகலாம், தெரிந்தேதான் நிறுத்துகிறோம்" என்று நிகழ்ச்சி தொடங்கும் முன்பே மேடையில் அறிவித்துவிட வேண்டும். பிறகு சொல்லும் விளக்கம் சாக்காகத்தான் கேட்கும்.

விமானிகள் போன வழி

நேரத்தைப் பற்றிய இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு விமானத் துறைதான் சாட்சி. 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் 66 விமானம் விழுந்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃபுஜித்தா தம் கோட்பாட்டைக் கொண்டு அதை விளக்கினார். 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸில் டெல்டா 191 இதே மாதிரி விழுந்து 137 பேர் இறந்தார்கள். இறங்கும் விமானம் மைக்ரோபர்ஸ்டில் நுழையும்போது முதலில் எதிர்க்காற்று கிடைத்து மேலே தூக்கப்படும், விமானி வேகத்தைக் குறைப்பார். அடுத்த நொடிகளில் கீழ்நோக்கிய காற்று, உடனே பின்காற்று. தூக்குவிசை போய்விடும்.

எந்த விமான நிலையத்தில் எந்த மாலை மைக்ரோபர்ஸ்ட் விழும் என்று முந்தின நாளே சொல்வதற்கு யாரும் மெனக்கெடவில்லை. விமானிக்கு என்ன வேண்டும், எத்தனை நொடி முன்பு வேண்டும் என்று கேட்டார்கள். விமான நிலையங்களின் அருகே அதற்கென்றே டாப்ளர் ரேடார்கள், ஓடுபாதைகளைச் சுற்றிக் காற்றளவிகள், விமானத்திலேயே எச்சரிக்கைக் கருவிகள், விமானி அறையைப் போலவே அமைத்த சிமுலேட்டர்களில் திரும்பத் திரும்பப் பயிற்சி. எச்சரிக்கை வந்தால் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலேறு, விவாதம் வேண்டாம். 1994-இல் ஷார்லட்டில் 37 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் அந்த மாதிரிப் பெருவிபத்து நடக்கவில்லை. தேவையில்லாமல் மேலேறித் திரும்பி வந்த விமானங்கள் அதற்கிடையே ஏராளம் இருந்திருக்கும். அவற்றை யாரும் "தப்பான எச்சரிக்கை" என்று திட்டுவதில்லை.

தரையில் நாம் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. 2011 ஆகஸ்ட் 13 அன்று இந்தியானா மாநிலக் கண்காட்சியில் புயல் எச்சரிக்கை வந்து சில நிமிடங்களில், மழைக்கு முன்னால் ஓடிவந்த காற்றில் மேடைக் கூரை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதில் தெளிவில்லை என்று பிறகு நடந்த ஆய்வு சொன்னது. ஐந்தே நாள் கழித்து பெல்ஜியத்தின் ஹாசெல்ட் அருகே பக்கல்பாப் இசைவிழாவில் ஒரு டவுன்பர்ஸ்ட், அங்கே ஐந்து பேர். 2015 ஜூன் 1 இரவு யாங்சி ஆற்றில் ஈஸ்டர்ன் ஸ்டார் கப்பல் கவிழ்ந்து 442 பேர் இறந்ததற்கும் இதே காற்றுதான் காரணம். கப்பலில் உறங்கிக்கொண்டிருந்த முதியவர்களுக்கு ஒரு மணி நேரக் கோடு போட்டு வைக்க முடியுமா? இரவில், நீரில், கூடாரத்தில் இருப்பவர்களுக்கு வேண்டிய நேரம் எங்கள் திடலைவிட அதிகம், அவர்களுக்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. அயோவா புயலுக்கு அடுத்த ஆண்டு, 2021-இல், அமெரிக்க வானிலைச் சேவை தன் இடிமழை எச்சரிக்கைகளில் ஒரு வேறுபாடு கொண்டுவந்தது. காற்று மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொடும் என்றால் அந்தப் பகுதியின் எல்லாக் கைபேசிகளும் தாமாகவே அலறும். எல்லா எச்சரிக்கைக்கும் அலறாமல், மோசமானதற்கு மட்டும். உறங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இதுவரை பார்க்கவில்லை. பல நாடுகள் இந்த வரம்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எங்கள் குழு அடுத்த நிகழ்ச்சிக்குத் தயாராகிறது. திட்டத்தின் முதல் பக்கத்தில், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று ஒரே ஒரு பெயர் எழுதியிருக்கிறோம். அவர் பக்கத்தில் ரேடாரைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள், அவருக்கு வேறு வேலை கிடையாது. மேடைக் கூரை எந்தக் காற்று வரை தாங்கும் என்பதை எழுத்தில் வாங்கியிருக்கிறோம். கிழக்குப் பக்கம் இன்னும் இரண்டு வாசல் திறக்க இடத்தின் சொந்தக்காரரிடம் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. திறந்தால் காலி செய்யும் நேரம் அரை மணிக்குக் கீழே வரும் என்பது எங்கள் கணக்கு. அதை ஆட்களை வைத்து நடத்திப் பார்க்க வேண்டும்.